தாம்பரத்திலிருந்து தப்பி ஓடும் அண்ணன் தங்கை: சிறார் சாகச நாவல் எழுத ஒரு வழி

சிறுவர் சாகசக் கதை எழுத உட்கார்ந்ததும் பலருடைய கை, வில்லனுக்கு மீசையும் கறுப்பு காரும் வரைந்துவிடுகிறது. தாம்பரத்தில் தனியாக ஓடும் இரண்டு பிள்ளைகளுக்கு அவனைவிடப் பெரிய தொல்லை நல்லவர்கள்தான். டிக்கெட் வரிசையில் நிற்கும் மாமா, பூக்காரப் பாட்டி, ஷேர் ஆட்டோ அண்ணன் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "கூடப் பெரியவங்க யாரும் வரலியாப்பா?" அத்தியாயத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கட்டும். கதை தானாக ஓடும்.

முதலில் ஓடும் காரணத்தை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். செங்கல்பட்டுப் பாட்டி இன்று சாயங்காலத்துக்குள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வீடு போய்விடும். பாட்டியின் போன் சித்தப்பாவிடம் இருக்கிறது. இதுவே போதும். பத்திர ஆபீஸ் மூடும் நேரமே உங்கள் கடிகாரம். "போலீஸ்கிட்ட ஏன் போகலை, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஏன் போன் பண்ணலை?" என்று வாசகப் பிள்ளை உடனே கேட்கும். மழுப்பக் கூடாது. நானாக இருந்தால் அவர்களை அழைக்கவே வைப்பேன். உதவிக்கு வரும் அக்காவை நம்ப வைப்பது தனி அத்தியாயம்.

அடுத்தது வயது. அண்ணனுக்கு 13, தங்கைக்கு 9 என்று வையுங்கள். மின்சார ரயிலில் மகளிர் பெட்டியில் 12 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குத்தான் இடம். துரத்துகிறவன் நடைமேடையில் நிற்கிறான். தங்கை அந்தப் பெட்டியில் ஒளியலாம், அண்ணன் முடியாது. இரண்டு வயதைக் குறைத்திருந்தால் இந்தக் காட்சியே கிடையாது.

பிறகு காசு. எலெய்ன் கோனிக்ஸ்பர்க் 1967-இல் எழுதிய அமெரிக்க நாவலில் வீட்டைவிட்டு ஓடி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தங்கும் அக்கா, சிக்கனக்காரத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போவதற்கு அவன் கையிருப்பும் ஒரு காரணம். நம் பிள்ளைகள் கையில் 40 ரூபாய் கொடுங்கள். புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான் என்பதால் டிக்கெட்டில் பணம் கரையாது. வேறெங்காவது தொலையட்டும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் மீதியை ஒரு தாளில் எழுதி வாருங்கள், வாசகப் பிள்ளைகள் கணக்குப் பார்ப்பார்கள்.

கிழமையை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பல்லாவரம் பழைய சாலையில் வெள்ளிக்கிழமைதான் சந்தை. ஒரே நாளில் நடக்கும் கதையில் பூட்டிக் கிடக்கும் பூங்காவையும் சந்தையையும் சேர்த்து வைக்க முடியாது. எனக்குச் சந்தைதான் பிடிக்கும். பழைய மிக்ஸி, கோழிக்குஞ்சு, நாற்காலி, செடி எல்லாம் கொட்டிக் கிடக்கும் அந்த நெரிசலில் யாரையும் தொலைக்கலாம். அதற்குப் பிள்ளைகள் செங்கல்பட்டுக்கு நேர் எதிராக வடக்கே போக நேரவேண்டும், அது இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை பகலில் யூனிபார்மில் திரியும் பிள்ளைகளை யார்தான் கேட்காமல் விடுவார்கள்!

வழியை நீங்களே நடந்து பாருங்கள். தாம்பரம் நிலையத்தில் கிழக்கிலிருந்து மேற்குக்கு மேம்பாலம் ஏறி இறங்க எவ்வளவு நேரமாகிறது, மூச்சு எந்தப் படியில் வாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தைத் தாண்டி ஓடும் காட்சி வேண்டாம், படிக்கிற பிள்ளை அதைச் செய்து பார்க்கும். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுவது அருமையான தகவல்தான். அதை அண்ணன் வாயில் போட்டுவிடாதீர்கள். ஓடுகிற பையன் வரலாறு பேச மாட்டான்.

வேகம் என்பது 'திடீரென்று', 'மின்னல் வேகத்தில்' போன்றவற்றில் இல்லை. அவற்றை அடித்துவிடுங்கள். வினைமுற்றோடு நிற்கும் சின்ன வாக்கியங்கள் போதும். அத்தியாயத்தைப் பதில் வருவதற்கு முன்னால் அறுத்துவிடுங்கள்:

"எங்கப்பா போறீங்க?"

"பாட்டி ஊருக்கு" என்றான் அண்ணன்.

"அத்தை வீட்டுக்கு" என்றாள் தங்கை, அதே நொடியில்.

அவ்வளவுதான், அடுத்த பக்கம்.

எழுதி முடித்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேரை உட்காரவைத்து உரக்க வாசியுங்கள். தண்ணீர் குடிக்க எழுந்து போகும் இடத்தில் கோடு போட்டு வையுங்கள், அந்தப் பத்தியை வெட்டலாம். குரோம்பேட்டைப் பிள்ளையாக இருந்தால் "அந்த ஃபாஸ்ட் வண்டி அங்க நிக்காது அங்கிள்" என்றும் சொல்லும். கால அட்டவணையைச் சரிபார்த்துவிட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள்.