பெயின்ட் அடித்தால் பலம் வராது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அவிநாசியில் சிமென்ட் கலந்த மரத்தூள் போர்டு போடும் பட்டறை தொடங்கப் போகிறாய் என்பதில் எனக்கு நிறைய சந்தோஷம். நீ கொடுத்தனுப்பிய துண்டை ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் ஓரம் உப்பிவிட்டது. நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. மேலே பெயின்ட் அடித்தால் போதும் என்கிறாய். போதாது கண்ணு. அறுத்த விளிம்பிலும் ஆணி ஓட்டையிலும் தண்ணீர் இறங்கிவிடும்.

முதலில் மரத்தைக் கவனி. மரத்திலுள்ள சர்க்கரையும் டானினும் கரைந்து வந்து சிமென்ட்டை இறுகவிடாமல் தடுக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. இரண்டு தெர்மோகோல் கப் எடுத்துக்கொள். ஒன்றில் வெறும் சிமென்ட் குழைவு, மற்றதில் உன் மரத்தூள் கலந்தது. இரண்டிலும் தெர்மாமீட்டரைச் சொருகி மூடி, மணிக்கொரு தரம் சூட்டைக் குறித்து வா. சிமென்ட் இறுகும்போது சூடேறும். தூள் கலந்தது சில்லென்றே கிடந்தால் அது இறுகவில்லை என்று அர்த்தம். தூளை வெந்நீரில் ஊறப்போட்டு, பழுப்புத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி பார். சிமென்ட் எடையில் 2 அல்லது 3 சதவீதம் கால்சியம் குளோரைடு சேர்த்தால் சீக்கிரம் இறுகும். மலைவேம்பு, யூகலிப்டஸ், தென்னை நார்க்கழிவு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். மரவாடியில் கிடைக்கும் கலப்படத் தூளை மட்டும் வாங்காதே. மரவகை பற்றிய சந்தேகத்துக்கு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

மக்னீசியா போர்டும் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். மக்னீசியா எடுக்கும் சேலத்து வெள்ளைக்கல் நமக்குக் கிட்டத்தில் கிடைப்பது உண்மைதான். ஆனால் உலைச் செங்கல்லுக்காகக் கடுஞ்சூட்டில் சுட்ட மக்னீசியா இதற்கு உதவாது. இளஞ்சூட்டில் சுட்டதுதான் மக்னீசியம் குளோரைடு கரைசலோடு சேர்ந்து பிடிக்கும். 1867-ல் பிரான்சின் சோரெல் கண்டுபிடித்த இந்தக் கலவை சிமென்ட்டைவிட வேகமாக இறுகும், மரத்தின் சர்க்கரைக்கும் அவ்வளவாக மசியாது. தண்ணீர்தான் இதற்கு எமன். ஈரம் பட்டால் குளோரைடு கரைந்து வெளியேறும், பலம் தந்த ஊசிப் படிகங்கள் சிதையும். டென்மார்க்கில் 2010-க்குப் பிறகு கட்டிய பல கட்டடங்களில் வெளிச்சுவருக்கு இந்தப் போர்டை வைத்தார்கள். குளிர்கால ஈரக்காற்றை உறிஞ்சிய அவற்றிலிருந்து உப்புநீர் கசிந்தது. ஆணிகள் துருப்பிடித்தன, ஒட்டியிருந்த மரச்சட்டம் நனைந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளில் போர்டைக் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று.

அந்தக் குளோரைடு கரைசலில் சிறிதளவு பாஸ்பாரிக் அமிலம் சேர்த்தால் நீர்தாங்கும் சக்தி நன்றாகவே கூடும். மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலும் ஓரளவு உதவும். குளோரைடை அளவுக்கு மீறி ஊற்றினால் பலகை வியர்க்கும், அதில் கஞ்சத்தனம் தப்பில்லை. சிமென்ட் போர்டை அச்சிலிருந்து எடுத்ததும் வெயிலில் போடாதே, ஈரச்சாக்கு போர்த்திப் பதப்படுத்து. மக்னீசியா போர்டுக்கு அந்தத் தண்ணீர் வைத்தியமே கூடாது.

இத்தனை செய்தாலும் மக்னீசியா போர்டைக் குளியலறைக்கும் வெளிச்சுவருக்கும் விற்காதே, உள்தடுப்புக்கு மட்டும் கொடு. வெளியே சிமென்ட் போர்டுதான்; அதையும் ஐ.எஸ். 14276 தரச் சோதனையில் தேறிய பிறகே வண்டியில் ஏற்று.

அன்புடன்,
உன் மாமன்