யார் பார்க்கச் செய்கிறோம்?

கீழ்பென்னாத்தூர் வழியே திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலை திண்டிவனத்தில் முடிகிறது. ஐடா ஸ்கடரின் மனம் மாறியது அந்த ஊரில்தான். மிஷனரி ஆவதில்லை என்று உறுதியாக இருந்த இளம்பெண், தாய்க்கு உடல்நலமில்லை என்று அங்கே வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவம் பார்க்க அவரைக் கூப்பிட்டார்கள். தந்தை மருத்துவர்தான், ஆனால் ஆண் என்பதால் வேண்டாமென்றார்கள். மூன்று தாய்மாரும் இறந்துபோனார்கள். ஐடா மருத்துவம் படித்து, 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். கண்ணெதிரே நின்ற தேவை அவரை எழுப்பியது. நம் ஊழியத்தையும் காணிக்கையையும் எது எழுப்புகிறது?

செய்ய வேண்டியவை

• மின்விசிறி இறக்கையிலும் பெஞ்சின் முதுகிலும் "அன்பளிப்பு" என்று பெயர் எழுதுவது நம் சபைகளில் வழக்கம். ஆண்டுக்கு ஒரு கொடையாவது பெயரில்லாமல் கொடுங்கள். மனசு எந்த இடத்தில் சுணங்குகிறது என்பது அப்போது தெரியும். வேதாகமத்தில் வரும் அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்றதில் குற்றமில்லை; விலையில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுவதும் கொடுத்த பெயரை விரும்பினார்கள்.

• லெந்து நாட்களில் மத்தேயு 6ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றிலும் இயேசு தேடுவது ஒன்றுதான்: யார் பார்க்கச் செய்கிறாய்?

• கூலி கொடுக்கும் நாளில், கடன் கேட்டு ஒருவர் வந்து நிற்கையில், மருமகளிடம் பேசுகையில் உங்களைக் கவனியுங்கள். ஆராதனையில் தெரியாதது அங்கே தெரியும்.

செய்யக்கூடாதவை

• நோக்கம் முழுக்கச் சுத்தமாகட்டும் என்று நல்ல காரியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பசித்தவருக்கு இன்றே சோறு வேண்டும்.

• கொடுத்தால் பலமடங்கு திரும்பும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள். அது கடவுளோடு பேரம்.

• அடுத்தவர் நோக்கத்தை அளக்காதீர்கள். ஞானஸ்நானம் பெற்ற ஏழையை "அரிசிக்காக வந்தவர்" என்பது கொடுமை. அவருக்கு மரியாதையும் ஒரு பசிதான். பொறாமையால் பிரசங்கித்தவர்களைக்கூடப் பவுல் பிலிப்பியர் நிருபத்தில் விரட்டவில்லை. கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று மகிழ்ந்தார்.

• உதவியைத் தூண்டிலாக்காதீர்கள். கார்த்திகை தீபத்துக்கு மலையை நோக்கி நடந்துபோகிறவருக்குத் தண்ணீர் கொடுத்தால், தண்ணீரை மட்டும் கொடுங்கள். உங்கள் விசுவாசத்தைப் பற்றி அவராகக் கேட்டால் சொல்லுங்கள்.