பள்ளியும் ஊரும்: மாணவர் பாதுகாப்பு நோக்கிய ஒரு பார்வை

‘பள்ளி’ என்னும் சொல் தமிழில் நெடிய வரலாறு உடையது. படுக்கும் இடம், தங்கும் இடம் என்பன அதன் பழைய பொருள்கள். சமண முனிவர் உறைந்த இடங்கள் பள்ளி எனப்பட்டன. அங்கே அவர்கள் கல்வியும் கற்பித்தமையின் கற்குமிடத்திற்கு அப்பெயர் வந்தது என்பர். இசுலாமியர் தம் தொழுகை இல்லத்தைப் பள்ளிவாசல் என வழங்குவதும் ஈண்டு எண்ணத்தக்கது. அச்சமின்றிக் கண்ணயரத்தக்க இடம் என்னும் குறிப்பு இச்சொல்லினுள் உறைந்து கிடக்கிறது. அக்குறிப்பு இன்றைய பள்ளிகளுக்குப் பொருந்துமா, பொருந்தச் செய்வதில் ஊராருக்குரிய பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

திண்ணையும் தெருவும்

ஊரார் கண்காணிப்பு நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடம் தெருவின் கண்முன்னே நடைபெற்றது. மணலில் எழுதும் பிள்ளையையும் அதனை மிரட்டும் ஆசிரியரையும் போவோர் வருவோர் அனைவரும் பார்த்தனர். ஆசிரியருக்கு நெல்லும் காசும் அளந்தவர்களும் அவர்களே. ஆயினும் அந்நாளைப் பொற்காலமாகப் போற்றுவோரோடு உடன்பட இயலவில்லை. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் ‘கோதண்டம்’ என்னும் தண்டனையும் அதே தெருவின் கண்முன்னேதான் நிகழ்ந்தது. தெரு அதனைக் கண்டும் ஒப்பியது. எனவே ஊரின் கண் மட்டும் போதாது. எது குற்றம் என வரையறுக்கும் சட்டமும் வேண்டும் என்பது பெறப்படும். பள்ளியில் உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்யும் விதி, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவாகவே வந்து சேர்ந்தது.

பின்னாளில் பள்ளிகள் மதிற்சுவர்களுக்குள் சென்றன. சட்டமும் ஆய்வாளரும் உள்ளே வந்தனர்; தெரு வெளியே நின்றது. இம்மாற்றத்தின் விளைவைக் கும்பகோணத்தில் கண்டோம்.

கும்பகோணம் உணர்த்துவது

2004 சூலை 16, வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கிவந்தன. முற்பகல் வேளையில் சத்துணவுச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றியது. மாடியில் அக்கூரையின்கீழ் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் அமர்ந்திருந்தனர். இறங்குவதற்கு இருந்தது ஒடுங்கிய படிக்கட்டு. எரிந்த கூரை அவர்கள்மீதே சரிந்தது. 94 குழந்தைகள் மாண்டனர்.

தீயைக் கண்டு அக்கம்பக்கத்தார் ஓடிவந்தனர். இயன்றவரை பிள்ளைகளைத் தூக்கிக் காத்தனர். ஊர் உதவவில்லை என்று எவரும் கூறவியலாது. ஆனால் அவ்வுதவி வந்த நேரத்தை நோக்க வேண்டும். மாடிமீது வேய்ந்த கூரை மறைத்து வைக்கத்தக்க பொருளன்று. அடுப்பு எங்கே எரிகிறது என்பதும், படிக்கட்டு எத்துணை அகலம் என்பதும் நாள்தோறும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவோர் அறியக்கூடியனவே. பெற்றோரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் அந்நாளிலும் இருந்தன. எனினும் பெரும்பாலான இடங்களில் அவை நன்கொடை திரட்டவும் விழா எடுக்கவுமே பயன்பட்டன. ‘இந்தக் கூரையின்கீழ் என் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்’ என்று ஒரு தாய் சொன்னால், அதனை எழுதிக்கொள்ள ஓர் ஏடு இல்லை. எழுதினால் விடை கூறக் கடமைப்பட்டவரும் இல்லை.

தீக்குப்பின் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. வழக்கு 10 ஆண்டுகள் நடந்தது. 2014 சூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை விதித்து, 11 பேரை விடுவித்தது. இதனிடையே 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தனித்துக் குறிப்பிடத்தக்கது. இத்தீவிபத்தை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையையும் உள்ளடக்கியது என அந்நீதிமன்றம் கூறியது. தீயணைப்புக் கருவிகளும் கட்டட விதிகளும் எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமாயின.

சட்டம் அளித்த இருக்கை

2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தியது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும். மேற்கூறிய ‘ஏடு’ இதுவே. தமிழ்நாட்டில் 2022இல் அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் 20 உறுப்பினருடன் புதிதாக அமைக்கப்பட்டன.

ஆயினும் சட்டத்தில் ஓர் இடைவெளி உண்டு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளை 21ஆம் பிரிவு கட்டுப்படுத்தாது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் பிற உதவி பெறும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை கூறும் அளவில் நின்றுவிடும். நிர்வாக உரிமையைக் காக்க இஃது இயற்றப்பட்டது. அவ்வுரிமை விலைமதிப்பற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் சுவர், நிர்வாகம் யாருடையது எனப் பார்த்து நிற்பதில்லை. 2021 திசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர் உயிரிழந்தனர். ஆலோசனை கூற மட்டுமே உரிமையுடைய குழுவின் சொல்லைக் கட்டளைபோல் ஏற்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை. நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகள் இதில் முன்னிற்றல் வேண்டும் என்பது என் கருத்து.

இவ்விடத்தில் ‘எங்கள் ஜமாஅத்தே போதும், தனிக் குழு எதற்கு?’ எனச் சிலர் வினவக்கூடும். ஜமாஅத் நிதி திரட்டும். சுவரையும் எழுப்பித் தரும். எனினும் நம் ஊர்களில் அந்த அவை பெரும்பாலும் ஆடவர் அவையே. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதையும், அதனால் பகல் முழுதும் நீர் அருந்தாமல் பிள்ளை வீடு திரும்புகிறாள் என்பதையும் அறிந்தவள் தாய். பேருந்தில், பயிற்சி வகுப்பில், பள்ளி வளாகத்தில் தனக்கு நேர்ந்த தகாத செயலைப் பிள்ளை முதலிற் சொல்வதும் பெரும்பாலும் அவளிடமே. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தல் கடமை. பள்ளியின் பெயர் கெடும் என மறைத்தல் தண்டனைக்குரியது. 1098 என்னும் சிறார் உதவி எண்ணைத் தலைமையாசிரியர் அறையில் மட்டுமன்றிப் பிள்ளைகளின் கண்படும் இடத்தில் எழுதி வைத்தல் நன்று.

ஊராரால் ஆவன

கொத்தனாரும் மின்பணியாளரும் தச்சரும் பெற்றோருள் இல்லாத பள்ளி அரிது. கோடை விடுமுறை முடியுமுன் அவர்கள் ஒருநாள் கட்டடத்தைச் சுற்றி வரலாம். விரிசலைத் தட்டிப் பார்க்கும் கொத்தனாரின் செவிக்கு, கண்ணாற் பார்த்துச் செல்லும் ஆய்வாளருக்குப் புலப்படாத செய்தி கேட்கும். கண்டவற்றைக் குழுவின் தீர்மான ஏட்டில் நாளிட்டு எழுதுதல் வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது மழையோடு போய்விடும். சமையற்கூடம் வகுப்பிலிருந்து விலகியுள்ளதா, மாடிக்கு இரண்டாம் படிக்கட்டு உண்டா, கதவு வெளிப்புறம் திறக்கிறதா, சன்னற் கம்பிகளுள் ஒன்றேனும் திறக்கும் வகையில் அமைந்துள்ளதா என்பன முதலிற் கேட்கத்தக்கவை.

தீயணைப்புத் துறையினரைக் கொண்டு வெளியேறும் பயிற்சி நடத்தும்போது தெருவாரையும் அழைத்தல் வேண்டும். முதலில் ஓடிவரப்போவோர் அவர்களே. தீயணைப்பு வண்டி அடுத்துத்தான் வரும். எந்த வகுப்பில் மிகச் சிறிய பிள்ளைகள் இருக்கிறார்கள், பின்வாயில் எந்தச் சந்தில் திறக்கிறது, மின்னிணைப்பை எங்கே துண்டிப்பது என்பவற்றை அவர்கள் முன்பே அறிந்திருத்தல் வேண்டும். பள்ளி வேளையில் அப்பின்வாயிலைப் பூட்டலாகாது. பூட்டியே ஆகவேண்டுமெனின் அதன் மற்றொரு சாவி எதிர்வீட்டில் இருக்கட்டும். எந்த வீட்டில் உள்ளது என்பது கடைநிலை ஊழியர் உட்பட அனைவர்க்கும் தெரிந்திருக்கட்டும்.