அதிர்வை ஏற்கும் நீர்

நுழையும்முன்

உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பு நீரில் அமிழ்ந்ததும் குளிர்கிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒற்றை மூலக்கூறும் தன் மிகை ஆற்றலைச் சுற்றியுள்ள நீர்மத்திடம் இழக்கிறது. ஆனால், எல்லா நீர்மங்களும் அதனை ஒரே விரைவில் ஏற்பதில்லை. அவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்குகிறது இப்பாடம்.

ஓயாத அதிர்வு

மூலக்கூறில் உள்ள அணுக்கள் அசையாமல் நிற்பதில்லை. அவற்றை இணைக்கும் பிணைப்புகள் சுருள்வில்லைப் போல நீண்டும் சுருங்கியும் வளைந்தும் அதிர்கின்றன. ஒளியை உட்கவரும்போதும் வேதிவினையில் புதிதாக உருவாகும்போதும் இவ்வதிர்வு மிகுகிறது. நீர்மத்தில் அண்டை மூலக்கூறுகள் நெருங்கிச் சூழ்ந்து இடைவிடாது மோதுகின்றன. அவற்றின் வழியே மிகை ஆற்றல் கரைப்பானுக்குச் சென்று வெப்பமாகப் பரவுகிறது. இதனை அதிர்வுத் தளர்வு என்பர்.

தாளும் சில்லறையும்

அதிர்வாற்றல் சிறிது சிறிதாகக் கசிவதில்லை. குறிப்பிட்ட அளவுள்ள கூறுகளாகவே குறைகிறது. பெரிய மதிப்புள்ள பணத்தாளை மாற்ற வேண்டுமெனில், எதிரே இருப்பவரிடம் அதற்கு ஈடான தொகை இருத்தல் வேண்டும். அதுபோல, கரைப்பானின் அசைவுகள் அக்கூறு முழுவதையும் ஏற்கத்தக்கனவாக அமைதல் வேண்டும்.

நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பு மிகவும் வலியது. அதன் அதிர்வாற்றல் கூறு பெரியது. திரவ நைட்ரஜனில் மூலக்கூறுகளின் இடப்பெயர்ச்சியும் சுழற்சியும் சிறு ஆற்றல் அசைவுகளே. அவற்றுள் பல ஒருங்கே சேர்ந்தால்தான் அப்பெருங்கூற்றை ஏற்க இயலும். அது மிக அரிது. எனவே, தூய திரவ நைட்ரஜனில் இவ்வதிர்வு ஏறத்தாழ ஒரு நிமிடம் நிலைக்கிறது.

நீரின் இயல்போ வேறு. நீர் மூலக்கூறின் வளைவதிர்வு இரண்டின் ஆற்றல், அதன் நீட்சியதிர்வு ஒன்றின் ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமம். எஞ்சிய சிறுபகுதியை ஹைட்ரஜன் பிணைப்புகளின் அசைவுகள் ஏற்கின்றன. ஆதலால், நீட்சியதிர்வு ஒரு பிக்கோ நொடியின் கால் பங்கிற்குள் தளர்கிறது. ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கே பிக்கோ நொடியாகும்.

அளந்தது எவ்வாறு?

1972இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வோல்ஃப்காங் கைசர் குழுவினர் நீர்மங்களில் மூலக்கூறு அதிர்வின் வாழ்நாளை நேரடியாக அளந்தனர். முதல் லேசர் துடிப்பு அதிர்வைத் தூண்டியது. சற்றே பிந்தி வந்த இரண்டாம் துடிப்பு, எஞ்சிய அதிர்வைக் காட்டியது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறலே இம்முறைக்கு அடிப்படையாயிற்று.

உயிரைக் காக்கும் விரைவு

சூரியனின் புறஊதாக் கதிரை டி.என்.ஏ.வின் காரங்கள் உட்கவர்கின்றன. கிளர்வுற்ற காரங்களுள் பெரும்பாலானவை அவ்வாற்றலை மிக விரைவில் அதிர்வாக மாற்றுகின்றன. சூழ்ந்துள்ள நீர் சில பிக்கோ நொடிகளில் அதனை ஏற்றுக்கொள்கிறது. கிளர்வு நீடித்தால் பிணைப்புகள் மாறி மரபுச் செய்தி சிதையக்கூடும். இவ்விரைவு அத்தீங்கை முற்றிலும் நீக்குவதில்லை. எனினும் பெரிதும் குறைக்கிறது. உயிர்களைத் தாங்கும் நீர், கரைப்பதோடு நில்லாது, மிகை ஆற்றலைப் பகிர்ந்தும் காக்கிறது.

கற்பவை கற்றபின்

1. திரவ நைட்ரஜனில் அதிர்வு நெடுநேரம் நிலைப்பதன் காரணத்தை விளக்குக.
2. 'நீர் காக்கிறது' என்னும் கருத்தை அறிவியல் நோக்கில் நிறுவுக.