ஒளியும் உண்மையும்

நுழையும்முன்

கல்வி நிறுவனங்கள் தம் கொள்கைகளைக் குறிக்கோளுரைகளாகவும் அறிக்கைகளாகவும் உலகிற்கு அறிவிக்கின்றன. அச்சொற்கள் வாயிலில் பொறிக்கப்படுகின்றன. பட்டமளிப்பு விழாக்களில் முழங்கப்படுகின்றன. ஆயினும், அவை மெய்யாகவே வாழ்கின்றனவா என்பது சோதனை நேரும்போதே தெரியவரும். ‘ஒளியும் உண்மையும்’ எனத் தன் முத்திரையில் எழுதிக்கொண்ட ஒரு பல்கலைக்கழகம் தன் பெயரையும் வரலாற்றையும் பற்றித் தானே பேச நேர்ந்த கதை இது. அதன் ஒரு வேர் சென்னை மண்ணிலும் ஊன்றியிருக்கிறது.

பெயர் வந்த வழி

அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் 1701ஆம் ஆண்டு ஒரு சிறிய கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னர் நியூ ஹேவன் நகரில் நிலைபெற்ற அக்கல்லூரிக்குக் கட்டடம் எழுப்பப் பொருள் தேவைப்பட்டது. அப்போது இலண்டனில் வாழ்ந்த எலிகு யேல் என்னும் செல்வர் ஒன்பது பொதிச் சரக்கையும் 417 நூல்களையும் ஜார்ஜ் மன்னரின் உருவப்படத்தையும் அனுப்பி உதவினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. 1718ஆம் ஆண்டு கல்லூரி அவர் பெயரை ஏற்றது. அதுவே இன்று யேல் பல்கலைக்கழகமாக உலகப்புகழ் பெற்று விளங்குகிறது.

எலிகு யேலின் செல்வம் சென்னையில் ஈட்டப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1672இல் இங்கு வந்த அவர், படிப்படியாக உயர்ந்து 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். கம்பெனிப் பணியோடு சொந்த வணிகத்திலும் பெரும்பொருள் சேர்த்தார். முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் எழுந்த சூழலில் பதவியை இழந்தார். அவர் அதிகாரத்தில் இருந்த காலத்தில் இக்கடற்கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். வறுமையும் பஞ்சமும் அவ்வணிகத்திற்குத் துணைநின்றன. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயருக்குள் இத்தனையும் மறைந்திருந்தன.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள தூய மேரி தேவாலயம் 1680ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கு நடந்த முதல் திருமணம் எலிகு யேலுடையது. இளம்பருவத்திலேயே இறந்த அவருடைய மகன் டேவிட்டின் கல்லறை சென்னை உயர்நீதிமன்றத்தை ஒட்டிய வளாகத்தில் இன்றும் உள்ளது. |

சுவரில் இருந்த பெயர்

யேலில் மாணவர்கள் பல உறைவிடக் கல்லூரிகளாகப் பிரிந்து வாழ்கின்றனர். உண்பதும் உறங்குவதும் நட்புக்கொள்வதும் அங்கேதான். 1933இல் தொடங்கப்பட்ட அத்தகைய கல்லூரி ஒன்றிற்கு ஜான் கால்ஹூன் பெயர் சூட்டப்பட்டது. 1804இல் யேலில் பட்டம் பெற்ற அவர் அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராக உயர்ந்தவர். அடிமைமுறை பொறுத்துக்கொள்ள வேண்டிய தீமையன்று, நன்மையே என்று நாடாளுமன்ற மேலவையில் வாதிட்டவரும் அவரே.

அடிமைகளாக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களான மாணவர்கள், தம் மூதாதையரின் விலங்கை நியாயப்படுத்தியவர் பெயரில் அமைந்த இல்லத்தில் வாழ வேண்டியிருந்தது. ‘நீங்களும் எங்கள் குடும்பத்தினர்’ என்று பல்கலைக்கழகம் சொல்லியது. வாயிற்சுவரோ வேறொன்றைச் சொல்லியது. 2015ஆம் ஆண்டு பெயர்மாற்றக் கோரிக்கை வலுத்தது.

2016 ஏப்ரலில் பல்கலைக்கழகத் தலைவர் பீட்டர் சலோவே, பெயர் மாறாது என்று அறிவித்தார். பெயரை அழித்தால் வரலாறு மறக்கப்படும். வைத்திருந்தால் அதனை எதிர்கொண்டு கற்க இயலும் என்பது அவர் தரப்பு வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. ஆனால், கற்றலின் விலையை யார் செலுத்துவது என்ற வினாவிற்கு அதில் விடையில்லை.

சில வாரங்களில், அக்கல்லூரியின் உணவுக்கூடத்தில் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளர் ஒருவர், அடிமைகள் பருத்தி சுமந்து செல்வதாகத் தீட்டப்பட்டிருந்த வண்ணக்கண்ணாடிச் சாளரம் ஒன்றை உடைத்தார். அவர் கைதானார்; வேலையையும் இழந்தார். பொதுமக்களின் குரல் எழுந்தபின் வழக்கு கைவிடப்பட்டது. பல்கலைக்கழகம் அவரை மீண்டும் பணியில் சேர்த்தது. பல்கலைக்கழகச் சமூகம் என்பது பேராசிரியரும் மாணவரும் மட்டுமல்லர். சோறு பரிமாறுபவரும் அச்சாளரத்தின் கீழ்தான் நாள்தோறும் நின்றார் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

முடிவை மாற்றிய முறை

2016 ஆகஸ்டில் பல்கலைக்கழகம் ஒரு குழுவை அமைத்தது. சட்டப் பேராசிரியர் ஜான் விட் அதன் தலைவர். ‘இப்பெயரை நீக்கலாமா?’ என்னும் வினா அக்குழுவிடம் விடப்படவில்லை. ‘எந்தப் பெயரையும் எந்நெறிகளின்படி நீக்கலாம்?’ என்பதே அதன்முன் வைக்கப்பட்டது. சினத்திற்கும் பற்றிற்கும் அப்பால் நின்று முடிவெடுக்க இது வழிவகுத்தது.

பெயரைப் பேணுவதே பொதுவிதி, நீக்குவது அரிய விதிவிலக்கு என்று குழு வரையறுத்தது. விதிவிலக்கை ஆராயச் சில வினாக்களை முன்வைத்தது. பெயருக்குரியவரின் முதன்மையான செயல்மரபு பல்கலைக்கழகத்தின் நோக்கத்திற்கு அடிப்படையில் முரணானதா? அவர் வாழ்ந்த காலத்திலேயே அது எதிர்க்கப்பட்டதா? பெயர் சூட்டியபோது என்ன காரணம் கருதப்பட்டது? அக்கட்டடம் சமூகத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு வகிக்கிறதா? பெயரை நீக்கினாலும் வரலாற்றை அழிக்கக்கூடாது என்பதையும் குழு வலியுறுத்தியது.

இந்நெறிகளின்படி ஆராய்ந்தபின், 2017 பிப்ரவரியில் சலோவே தம் முந்தைய முடிவை மாற்றினார். கல்லூரிக்குக் கிரேஸ் ஹாப்பர் பெயர் சூட்டப்பட்டது. 1934இல் யேலில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், கணினி மொழிகளின் வளர்ச்சிக்கு வழிகாட்டிய முன்னோடி. கடற்படையிலும் உயர்பதவி வகித்தவர்.

நாமும் நாங்களும்

தமிழில் தன்மைப் பன்மைக்கு ‘நாம்’, ‘நாங்கள்’ என இரு வடிவங்கள் உள்ளன. கேட்போரையும் உள்ளடக்கியது ‘நாம்’. அவரை விலக்கியது ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான். எனவே, ஒரு பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் தன்னைப் பன்மையில் குறிக்கும்போது யாரையெல்லாம் உளப்படுத்துகிறது என்பது சொல்லில் புலப்படுவதில்லை. அதன் செயலில்தான் தேடவேண்டும்.

ஜேம்ஸ் பென்னிங்டனின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த அவர், 1830களில் யேலின் இறையியல் வகுப்புகளுக்குச் சென்றார். வகுப்பில் அமர்ந்து கேட்கலாம். ஆனால், மாணவராகப் பதிவு செய்ய இயலாது. வாய்திறந்து வினவ முடியாது. நூலகத்திலிருந்து நூல் பெறவும் உரிமையில்லை. அறிவின் வாயில் திறந்திருந்தது. ‘நாம்’ என்னும் சொல்லின் வாயில் அடைபட்டிருந்தது. அதே காலத்தில், 1831இல், நியூ ஹேவனில் கறுப்பின இளைஞர்களுக்கெனக் கல்லூரி அமைக்கும் திட்டம் எழுந்தது. நகரக் கூட்டத்தில் 700 பேர் எதிர்த்தனர், நால்வரே ஆதரித்தனர். எதிர்த்தோருள் யேலைச் சார்ந்த செல்வாக்குமிக்கவர்களும் இருந்தனர்.

2023ஆம் ஆண்டு பென்னிங்டனுக்கும், அவரைப் போன்றே மறுக்கப்பட்ட அலெக்சாண்டர் கிரம்மலுக்கும், அவர்கள் மறைந்து நூறாண்டுகளுக்கும் மேலான பின்னர், யேல் சிறப்புப் பட்டம் வழங்கியது. பட்டம் பெற அவர்கள் இல்லை. எனினும், தவறு நிகழ்ந்தது என்னும் உண்மை பல்கலைக்கழகத்தின் சொந்த ஏட்டில் பதிவாயிற்று.

மன்னிப்பின் மொழி

2020இல் யேல் தன் அடிமை வரலாற்றை ஆராயும் பணியை வரலாற்றறிஞர் டேவிட் பிளைட் தலைமையில் தொடங்கியது. வளாகத்தின் மிகப் பழைய கட்டடமான கனெக்டிகட் மண்டபத்தை எழுப்பும் பணியில் அடிமைகளின் உழைப்பும் கலந்திருந்தது என்பது போன்ற உண்மைகள் ஆய்வில் விரிவாக எடுத்துரைக்கப்பட்டன. 2024 பிப்ரவரி 16ஆம் நாள் ஆய்வுநூல் வெளியிடப்பட்டது. அன்றே பல்கலைக்கழகம் முறைப்படி மன்னிப்புக் கோரியது. நூலை எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் வழிசெய்தது. நியூ ஹேவன் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குதல், கறுப்பினத்தவரின் கல்விக்கென எழுந்த கல்லூரிகளோடு இணைந்து பணியாற்றுதல் முதலிய திட்டங்களையும் அறிவித்தது.

மன்னிப்புக் கேட்கும் இடத்தில் ‘நாம் தவறினோம்’ என்பது பொருந்தாது. துன்புற்றவரையும் குற்றத்தில் பங்காளியாக்கிவிடும் சொல் அது. ‘நாங்கள் தவறினோம்’ என்பதே நேர்மையான கூற்று. ‘இனி நாம் சேர்ந்து வாழ்வோம்’ என்பது அதன்பின் வரவேண்டிய சொல். இவ்விரண்டின் வரிசை மாறினால் மன்னிப்பு வெறும் அலங்காரமாகிவிடும்.

இத்துணை செய்தது போதுமா என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை. கால்ஹூன் பெயர் நீங்கியது. எலிகு யேலின் பெயர் நீடிக்கிறது. கழுத்தில் உலோகப் பட்டை பூட்டப்பட்ட சிறுவனோடு எலிகு யேல் இருக்கும் பழைய ஓவியத்தைப் பல்கலைக்கழகக் கலைக்கூடம் 2020இல் இறக்கியது. ஆய்வு செய்து, விளக்கத்தோடு 2022இல் மீண்டும் காட்சிக்கு வைத்தது. அச்சிறுவனின் பெயர் தெரியவில்லை. உலகம் அறிந்த ஒரு பெயரும் எவரும் அறியாத ஒரு பெயரும் ஒரே சட்டகத்துள் நிற்கின்றன.

குறிக்கோளுரை ஒரு நிறுவனம் தனக்குத்தானே எழுதிக்கொடுத்த கடன்சீட்டுப் போன்றது. எழுதிய நாளிலேயே அது தீர்ந்துவிடுவதில்லை. ஒவ்வொரு தலைமுறை மாணவரும் அதனைக் கையிலேந்தி வாயிலில் நின்று கேட்கின்றனர். ஒளியைப் பிறர்மேல் பாய்ச்சுதல் எளிது; தன்மேல் பாய்ச்சும்போதுதான் உண்மை புலப்படுகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளியின் குறிக்கோளுரையைக் கண்டறிந்து, அது நடைமுறையில் வெளிப்படும் நிகழ்வு ஒன்றை வகுப்பறையில் எடுத்துரைக்க.

2. ‘பழைய பெயர்களை நீக்குதல் வரலாற்றை அழிப்பதாகுமா?’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

சிறுவினா

1. எலிகு யேலுக்கும் சென்னைக்கும் உள்ள தொடர்பை விளக்குக.

2. ‘நாம்’, ‘நாங்கள்’ ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டைச் சான்றுடன் எழுதுக.

நெடுவினா

பெயர் நீக்கத்திற்கெனக் குழு வகுத்த நெறிகளை விளக்கி, அவை கால்ஹூன் கல்லூரிக்கு எவ்வாறு பொருந்தின என்பதை ஆராய்க.