கிட்டாரும் பறையும்

இசைக்கு எல்லையில்லை என்கிறோம். ஆனால், கருவிகளுக்கு நாம் வகுத்த எல்லைகள் எத்தனை! இது கோயிலுக்கு, இது திருமணத்திற்கு, இது இழவு வீட்டிற்கு என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

பாண்டுப்பில் எங்கள் குடியிருப்பில் எவரேனும் மறைந்தால் பறை முழங்கும். பள்ளி நாளில் மராத்தி நண்பன் ஒருவன், "இது என்ன வாத்தியம்?" என்று கேட்டான். "தெரியாது" என்றேன். பொய்! ஊரில் என் தாத்தா அடித்த கருவி அது. அந்தப் பொய்யின் சிறுமையை எனக்கு உணர்த்தியது ஓர் இசைக்குழுவின் வரலாறு.

'மாற்று ராக்' என்பது யாது? பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் விருப்பத்திற்கு வளையாமல், சிறு நிறுவனங்கள் வாயிலாகவும் கல்லூரி வானொலிகள் வாயிலாகவும் 1980களில் அமெரிக்காவில் பரவிய இசை. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1980இல் தோன்றிய 'ஆர்.இ.எம்.' குழு, மாணவர் செவிகளின் வழியே உலகை எட்டி, 2011இல் கலைந்தது.

அந்தப் போக்கின் தமிழ் உறவு எனத்தக்கது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017இல் சென்னையில் இதனை உருவாக்கின. அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லே பெயருக்கு வித்து. 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் அரங்கேற்றம். கானாப் பாடகர் பலர் உள்ளிட்ட பத்தொன்பது கலைஞர்கள்! கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றின் அருகில் பறையும் சட்டியும் கட்டமோளமும் சரிநிகராக நின்றன. இடஒதுக்கீடும் ஆணவக் கொலையும் பாட்டாயின. குழுவின் ஒரே பெண் பாடகர் இசைவாணியை, 2020இல் பி.பி.சி. உலகின் நூறு பெண்களில் ஒருவராகத் தேர்ந்தது.

நம் மும்பைக்கும் இதில் பங்குண்டு. ரஞ்சித் இயக்கி 2018இல் வெளிவந்த 'காலா'வின் கதைக்களம் தாராவி. அங்குள்ள இளைஞர்களின் 'டோப்அடெலிக்ஸ்' என்னும் ராப் குழுவும் அப்படத்தில் பாடியது.

நரம்பை முறுக்கினால்தான் கிட்டாரில் சுரம் பிறக்கும். தோலைத் தீயில் காய்ச்சினால்தான் பறை பேசும். இரண்டும் இறுக்கத்தின் பிள்ளைகளே. இவற்றுள் உயர்வேது, தாழ்வேது? வேற்றுமை கருவியில் இல்லை தோழர்களே, அடிப்பவனை நாம் எங்கே நிறுத்தினோம் என்பதில்தான் இருக்கிறது. அவனை இழவு வீட்டு வாசலில் நிறுத்தியவர்கள் நாம். மேடை நடுவே நிறுத்தியது அக்குழு.

நம் மன்றத்து ஆண்டு விழாவில் வீணைக்கு இடமுண்டு, திரைப்பாடலுக்கும் உண்டு. பறைக்கும் பத்து நிமிடம் கேட்கிறேன். பாண்டுப்பில் ஒரு பெரியவரிடம் இப்போதுதான் கற்று வருகிறேன். அடி தவறினால் பொறுத்தருள்க. அந்த மராத்தி நண்பனையும் அழைத்திருக்கிறேன். அவனுக்கு நான் ஒரு விடை கடன்பட்டிருக்கிறேன்.