வெள்ளையெல்லாம் மாவுப்பூச்சி அல்ல

ஆர்.எஸ்.புரம்,
கோயம்புத்தூர்.

அன்பு அம்மிணிக்கு,

திராட்சைப் பூச்சிகளை எப்படி வகை பிரிப்பது என்று கேட்டிருந்தாய். புத்தகப் படத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் கொடியைப் பார். எங்கே சேதம், எப்படிப்பட்ட சேதம்?

கவாத்து முடிந்து மொட்டு விடும் சமயத்தில் மொட்டுகள் கொறிபட்டிருந்தால், அது கடித்துத் தின்னும் வாயுள்ள சின்னச் செம்பழுப்பு வண்டின் வேலை. கொடியை உலுக்கினால் செத்ததுபோல் கீழே விழும். உரிந்த பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும். கிளையைச் சுற்றிப் பட்டை அறுபட்டு, அதற்கு மேலே காய்ந்து வந்தால், அதுவும் வண்டுதான். ஆனால் வேறு வகை. முதல் வண்டுக்கு உரிபட்டையை நீக்க வேண்டும்; இரண்டாவதற்குக் காய்ந்த கிளையை வெட்டி எரிக்க வேண்டும். இலையின் அடிப்புறம் சுரண்டப்பட்டு வெள்ளி போல மினுங்கினால், அது இலைப்பேன்.

குலையில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற கழிவை விடும். அதை நாடி எறும்பு வரும். அதன்மேல் கரும்பூசணம் படரும். மாவுப்பூச்சியிலும் பல இனங்கள் உண்டு. திராட்சையில் அதிகம் காண்பது இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. 1908இல் கிரீன் என்பவர் அறிவியல் பெயரிட்டது. உடலின் ஓரத்தில் மெழுகு இழைகள் வரிசையாக நீண்டிருந்தால் அது வேறு இனமாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல, பெண்பூச்சியைக் கண்ணாடிச் சில்லில் பதித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆண்பூச்சிக்குச் சிறகு உண்டு. பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஓரினம் என்றே நம்பமாட்டாய்.

பலரும் ஏமாறுவது இனிமேல்தான். அந்த வெள்ளைக் கூட்டத்துக்குள் பெரிதாக ஒன்று விறுவிறுவென ஊர்ந்தால், மருந்தை எடுக்காதே. அது ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். அதன் மேலும் வெள்ளை மெழுகு இழைகள்தான். ஆனால் மாவுப்பூச்சிதான் அதற்கு இரை. 1898இல் செதில்பூச்சியை அழிக்க இந்த வண்டை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாவுப்பூச்சி என்று நினைத்து இதைக் கொன்றால், எதிரிக்கே உதவியதாகும்.

கண்ணால் பிரிக்கவே முடியாத வகையும் உண்டு. 1868இல் பிரான்சில் வாடிய கொடிகளின் வேரில் பிளாஞ்சோன் என்ற தாவரவியலாளர் நுண்ணிய பூச்சி ஒன்றைக் கண்டார். 1855இல் அமெரிக்காவில் இலை முடிச்சுகளில் ஆசா ஃபிட்ச் கண்டதும் அதே ஃபிலாக்ஸெராதான் என்பது பிறகு தெளிந்தது. இலையில் ஒரு கோலம், வேரில் ஒரு கோலம். பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கொடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித் தப்பினார்கள். ஆனால் 1980களில் கலிபோர்னியாவில் பலரும் நம்பி நட்டிருந்த ஒரு வேர்க்கொடியே பூச்சிக்கு இரையானது. அங்கே பெருகியது அதே இனத்தின் வேறொரு வகை. உருவத்தில் வித்தியாசமில்லை, எந்த வேரில் வளர்கிறது என்று சோதித்தே பிரித்தார்கள்.

ஆகவே, வகை பிரிக்கும்போது பெயரோடு நிற்காதே. எந்த வேறுபாடு நாம் செய்யவேண்டியதை மாற்றுகிறது என்று கேள். வாய், தங்கும் இடம், பருவம், பாலினம், ஏற்கும் கொடி என்று ஒவ்வொன்றாகப் பார்.

விடுமுறைக்கு வா. லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகத்துப் பூச்சி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறேன், 2018இல் திறந்தது. கோவையில் பூச்சியியலாளராக இருந்த ஃபிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய நூல் 1914இலேயே வெளிவந்தது. அதுவரை ஒரு கைலென்சும் நோட்டும் வைத்துக்கொள். பூச்சியைப் பார்த்த தேதி, கொடியின் பகுதி, சேதம், அது நகர்ந்த விதம், கூட இருந்த எறும்பு ஆகியவற்றை எழுதி அனுப்பு. படம் மட்டும் அனுப்பினால் பதில் எழுதமாட்டேன்.

அன்புடன்,
அப்பிச்சி